சாம்பிள் எடுப்பவர் தோளில் துண்டு கூடாது

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் பரமக்குடியில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒருவர் கையில் துறையின் கையேடு இருந்தது. நிலத்தடித் தண்ணீரைச் சோதிக்க எப்படி சாம்பிள் எடுக்க வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். ஒரு வரியின் கீழே கோடு போட்டு என்னிடம் நீட்டினார். ‘சாம்பிள் எடுப்பவர் தோளில் துண்டு கூடாது.’

“சார், இப்ப நாங்க யாருமே துண்டு போடுறதில்லை. கிணத்துக்குள்ள கருவியை இறக்கி வச்சுட்டா அதுவே அளந்து எழுதிக்கிடுது. இந்த வரியை எடுத்துரலாம்னு ஆபீஸ்ல பேச்சு. எதுக்கு வச்சாகன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை. உங்களைக் கேட்கச் சொன்னாக.”

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. “கேளுங்க தம்பி, நல்லாக் கேளுங்க” என்றாள். அந்த வரி கையேட்டில் ஏறியதே என்னால்தான். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துப் பாதிக் கதை சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

1974இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கமுதிப் பக்கம் கரிசல் காட்டில் விவசாயம் பார்த்த குடும்பம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் என்ன உத்தியோகம் என்று கேட்டார். “பூமிக்குக் கீழ தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு பார்க்குற வேலை” என்று என் அய்யா பெருமையாகச் சொன்னார். “மேல கெடந்த தண்ணியவே காணோம். கீழ போறதைத் தேடுறாராக்கும்!” என்று மாமனார் சொல்ல, அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

முதல் பத்துப் பதினைந்து வருடங்கள் கிணறு அளந்தே போயின. இரும்பு டேப்பின் நுனியில் சில அடி நீளத்துக்குச் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவோம். மேலே இழுத்தால் நனைந்த இடத்தில் சாக்குக்கட்டியின் நிறம் மாறியிருக்கும். விட்ட நீளத்தில் நனைந்த நீளத்தைக் கழித்தால் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். சாயல்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் நான் எட்டிப் பார்க்காத கிணறு குறைவு.

இந்தக் கடற்கரையின் தண்ணீரைப் பற்றி எனக்கு முதலில் புரியவைத்தது பாடப்புத்தகம் இல்லை. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் கோரிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண். சுற்றிலும் கடல், நடுவில் முழங்கை ஆழத்தில் இளநீர் மாதிரி தண்ணீர். பக்கத்திலேயே நான் சோதனைக்காக மண்வெட்டியால் ஒரு குழி போட்டேன். “அதுக்கு மேல தோண்டாதீக சார். நல்ல தண்ணி மேலாப்புலதான் மிதக்குது. ஆழத்துக்கு ஆசைப்பட்டா கீழ கெடக்குற கடலு ஏறி வந்துரும்” என்றார். நான் கேட்காமல் இன்னும் ஒரு முழம் தோண்டினேன். வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசியில் என் வேலை மாறியது. சாயல்குடிக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து கொஞ்சம் ஊர்ப் பக்கம் தள்ளி, எப்போதோ எரிவாயு தேடித் துளை போட்டிருந்தார்கள். வாயு கிடைக்கவில்லை. மிக ஆழத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீர் வந்தது. மூடிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு ஒரு நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. அந்த வெந்நீரின் சூட்டை வைத்துக் கடல் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துக் குடிதண்ணீர் ஆக்கிப் பார்ப்பது என்று ஒரு சோதனை நிலையம் கட்டினார்கள். குடிதண்ணீருக்குத் தவம் கிடக்கும் ஊரில் இதைவிட நல்ல யோசனை ஏது? சிக்கல் ஒன்றுதான். சூட்டைக் கொடுத்து முடித்த உப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது? நிலத்தில் விட்டால் மண் பாழாகும். அதனால் இன்னொரு ஆழ்துளை போட்டு, வந்த ஆழத்துக்கே திரும்ப இறக்குவதாக ஏற்பாடு.

இறங்கிய தண்ணீர் உள்ளே எந்தப் பக்கம் போகிறது என்று கண்காணிப்பது எங்கள் துறையின் பொறுப்பு. அது சீக்கிரமாகவே வெந்நீர்த் துளைக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தச் சூடு ஆறிவிடும், திட்டம் படுத்துவிடும். விரிசல் வழியாக மேலே ஏறி ஊர்க் கிணறுகளில் கலந்தால் அதைவிட மோசம். இரண்டையும் பார்க்க ஒரே வழி, இறக்கும் தண்ணீரில் அடையாளத்துக்குச் சாயம் கலந்து, சுற்றியிருக்கும் கிணறுகளிலும் துளைகளிலும் அந்தச் சாயம் தலைகாட்டுகிறதா என்று தேடுவது. சாயம் பொடியாக இருக்கும்போது செங்கல் தூள் நிறம். தண்ணீரில் விழுந்தால் கிளிப்பச்சை. ஒரு சிட்டிகையை ஒரு கண்மாய்த் தண்ணீரில் கரைத்தாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மனுசனுக்குத் தீமை செய்யாத சாயம்தான். ஆனால் அது ஒரு கிணற்றில் தெரிந்தால், அடியிலிருந்து வந்த உப்பும் மற்றதும் கூடவே வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வேலைக்குப் பொறுப்பாக வந்தவர் செண்பகவல்லி மேடம். திருச்சிக்காரர். வேதியியல் படித்தவர். என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார். அவர் சீவச் சீவ எதிரே நிற்பவன் எங்கே தப்புச் செய்தோம் என்று எண்ணத் தொடங்கிவிடுவான். பேனாவுக்கு எங்கள் பிரிவில் அனுமதி கிடையாது, பென்சில் மட்டும்தான். சில மைகள்கூட அந்த விளக்கில் ஒளிரும் என்பார்.

விளக்கு என்றேன் அல்லவா, அது ஊதா விளக்கு. இருட்டறையில் அதைப் போட்டால் சாயம் கலந்த தண்ணீர் பச்சையாக ஒளிரும். வெயில் பட்டால் சாயம் அழிந்துபோகும் என்பதால் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, உடனே கறுப்புத் தாளைச் சுற்ற வேண்டும். எடுக்கப்போகும் தண்ணீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நான்காவது முறை நிரப்ப வேண்டும். இதெல்லாம் போக, எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. சாயத்தைத் தொட்டவன் சாம்பிளைத் தொடக் கூடாது. சாயம் கரைக்கிறவர் தங்கச்சிமடத்து அந்தோணி. சாம்பிள் எடுக்கிறவன் நான். இரண்டு பேருக்கும் தனித்தனி ஜீப், தனித்தனிச் சாமான்கள். ஒரே டீக்கடையில்கூட உட்காரக் கூடாது என்றார் மேடம். அந்தோணி எனக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து, டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடிப்பார்.

சாயம் இறக்கிய அன்று நான் நூறு அடி தள்ளிப் பனைமரத்துப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை மேல் டிரம்மில் சாயத்தைக் கரைத்துக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தார் அந்தோணி. பலகை ஈரமாக இருந்திருக்கிறது. கால் வழுக்கி அவர் விழ, டிரம் அவர் நெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. விதியாவது ஒன்றாவது! ஓடிப்போய் டிரம்மைத் தாங்கிப் பிடித்தேன். நாலு பேர் வந்து நிமிர்த்தினார்கள். அந்தோணிக்கு முழங்கையில் சிராய்ப்புத்தான். என் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் பச்சை.

மேடம் ஒன்றும் திட்டவில்லை. “ஓடாம நின்னிருந்தாத்தான் திட்டியிருப்பேன். ஆனா இன்னும் பத்து நாளைக்கு நீங்க பாட்டிலைத் தொடக் கூடாது. நானே எடுக்கறேன்” என்றார். பத்து நாள் கழித்து நான் திரும்பியபோது ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். “சட்டை?” மாற்றியாச்சு மேடம். “பேண்ட்? செருப்பு? வாட்ச் வார்? பர்ஸ்?” எல்லாம் மாற்றியாச்சு மேடம். உண்மையில் எல்லாவற்றையும் மாற்றித்தான் இருந்தேன். என் தோளில் கிடந்த துண்டை அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் துண்டு உடுப்புக் கணக்கில் வராது, அது உடம்போடு சேர்ந்தது. டிரம்மைப் பிடித்த கையை அன்றைக்கு அதில்தான் துடைத்திருந்தேன். வீட்டில் மனைவி துவைத்து, அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

நாங்கள் பார்த்துவந்த கிணறுகளில் ஒன்று கருப்பையா அண்ணனுடையது. முண்டு மிளகாய் போடுகிற விவசாயி. கிணறு அவர் நிலத்தில் இருந்தாலும் அந்த ஊரின் நாற்பது வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான். அந்த வருடம் ஆடியிலிருந்தே தண்ணீர் கரிக்கத் தொடங்கியிருந்தது. “உங்க பிளாண்டு வந்த பெறகுதான் இப்பிடி” என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சாயம் போடுவதற்கு முன்பே இப்படிச் சொன்னார்கள் என்பதால் அந்தக் கிணற்றின் மேல் எங்களுக்கு ஒரு கண் உண்டு.

தண்ணீர் வற்றி அடியில் கிடந்த நேரம். வாளியில் இலையும் தூசியும் புழுவும் வரும். இங்கே யாராவது குடத்தில் தண்ணீர் ஊற்றும்போது பாருங்கள், குடத்து வாயில் ஒரு துணி கிடக்கும். பிறந்ததிலிருந்து நான் துணியில் வடிகட்டிய தண்ணீரைத்தான் குடித்திருக்கிறேன். பாட்டிலை மூன்று முறை அலசினேன். நான்காவது முறை நிரப்பும்போது, இவ்வளவு அழுக்குத் தண்ணீரை மேடத்திடம் எப்படிக் கொடுப்பது என்று, தோளில் இருந்த துண்டைப் பாட்டில் வாயில் போட்டு வடிகட்டி ஊற்றினேன். சுத்தமாக வேலை செய்த திருப்தி வேறு. மற்ற இடங்களில் மூடிய துளைகளிலிருந்து தெளிந்த தண்ணீர் வரும், வடிகட்ட வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் மதுரை ஆய்வகத்திலிருந்து மேடம் தந்தி கொடுத்தார். கருப்பையா கிணற்றில் சாயம். குடிதண்ணீர்க் கிணற்றில் சாயம் தெரிந்தால் அன்றைக்கே அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அவர் அனுப்பினார். மறுநாள் அதிகாரிகள் வந்து கிணற்றைப் பலகை போட்டு மூடி, சிவப்பு எழுத்தில் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி வைத்தார்கள். நிலையத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் அடுத்த ஊர் ஊருணிக்கு நடக்க ஆரம்பித்தார்கள். போய்வர ஒன்றரை மணி நேரம். கருப்பையா அண்ணன் பொண்டாட்டி ராக்காயி அக்கா தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடத்தோடு நாளைக்கு நாலு நடை போனார். நாற்றங்காலில் மிளகாய் நாற்று வாடிக்கொண்டிருந்தது. அது போனால் அந்த வருடத்து விவசாயமே போச்சு. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் பலகையை விலக்கி சாம்பிள் எடுக்கப் போகும்போதெல்லாம், அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவு தூரம் நடந்து வந்த களைப்பு அந்தப் பார்வையில் இருக்கும்.

மூன்றாவது வாரம் மேடம் என்னை மதுரைக்கு வரச் சொன்னார். போனபோது மேஜை முழுக்கப் பென்சில் சீவல்.

“முனியசாமி, எனக்கு ரெண்டு விஷயம் புரியலை. கிணத்துக்கும் சாயம் விட்ட துளைக்கும் நடுவுல நம்ம மூணு கண்காணிப்புத் துளை இருக்கு. அது மூணுக்கும் தெரியாம சாயம் எப்படிக் கருப்பையா கிணத்துக்கு மட்டும் போச்சு? ரெண்டாவது, பூமிக்குள்ள வர்ற சாயம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இது தலைகாட்டுன முதல் நாளே உச்சியில நின்னுட்டு, ஒவ்வொரு தடவையும் இறங்கிக்கிட்டே வருது. ஏறவே இல்லை. வாங்க, நீங்களே பாருங்க.”

இருட்டறைக்குள் போனோம். என் பாட்டில்களிலிருந்து ஊற்றிய தண்ணீர் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களில் நின்றது. கதவைச் சாத்தி ஊதா விளக்கைப் போட்டார். முதல் குழாயில் மெல்லிய பச்சை. அடுத்ததில் அதைவிடக் குறைவு. அதற்கடுத்ததில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் குழாய்களைப் பார்க்கவில்லை.

“முனியசாமி, உங்க தோள்ல என்ன?”

திரும்பிப் பார்த்தேன். என் தோளில் இருந்த துண்டின் ஒரு முனை பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. ஐந்து விரல்கள் துடைத்த தடம் கூடத் தெரிந்தது. “இதுலதான் மேடம் வடிகட்டினேன்” என்றேன். ஒவ்வொரு முறை வடிகட்டும்போதும், ஒவ்வொரு முறை மனைவி துவைக்கும்போதும் துண்டில் சாயம் குறைந்திருக்கிறது. பாட்டிலிலும் அதே கணக்கில் குறைந்திருக்கிறது. நாற்பது வீட்டுக் குடிதண்ணீரை மூடவைத்தது என் துண்டு.

“அப்படியே நில்லுங்க. அதைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, இடுக்கியால் துண்டை எடுத்து ஒரு பையில் போட்டார். முனையை நனைத்துப் பிழிந்து கருவியில் வைத்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். மறைப்பானேன், அப்போது எனக்கு ஒரு கெட்ட நினைப்பு வந்தது. துண்டை எரித்துவிட்டால் அடுத்த வாரம் கிணறு தானாகவே சுத்தம் என்று வந்துவிடும், சாயம் வந்தது, போனது என்று முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. வேலை போய்விடுமோ என்ற பயம். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் மேடத்துக்கு என் முகம் சொல்லியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து என்னிடம் படிக்கக் கொடுத்தார். சாம்பிள் எடுப்பவர் துண்டால் வடிகட்டியது தவறு, துண்டைப் பற்றிக் கேட்காமல் விட்டது பொறுப்பாளரான தன் தவறு என்று இரண்டு வரி. கீழே அவருடைய கையெழுத்து. “நீங்களும் போடுங்க” என்று பென்சிலை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அதற்குமுன் எந்த மேலதிகாரியும் என் தவறுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதோடு விட்டார்கள்.

“இதை ஊருக்குள்ள போய் நாமதான் சொல்லணும்” என்றார் மேடம். சொல்லிவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடியவில்லை.

கருப்பையா அண்ணன் வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு கருப்பையா அண்ணன் நிதானமாகக் கேட்டார்.

“போன மாசம் குடிக்காதீகன்னு பலகை போட்டீக. இப்ப வந்து நல்லாருக்கு குடிங்கன்னு சொல்றீக. எதைய்யா நம்பச் சொல்றீக?”

“துண்டாம்ல துண்டு!” என்றார் ராக்காயி அக்கா. “ஏந்தம்பி, பிளாண்டை நிப்பாட்டுனதும் துண்டு மேல பழியைப் போட்டுப்புட்டீக. கம்பெனிக்காரன் எடுத்துக்குடுத்த துண்டா?”

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப்போனது. கிணற்றில் சாயம் என்று தப்பாகச் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொல்லி நின்ற அன்றைக்கு ஒருவர்கூட நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மேடம் அதற்கும் தயாராக வந்திருந்தார். ஜீப்பிலிருந்து விளக்கை இறக்கி, கருப்பையா அண்ணன் வீட்டு உள்ளறையில் ஜன்னலைச் சாக்கால் மறைக்கச் சொன்னார். நாலைந்து பேராக உள்ளே போய்ப் பார்த்தார்கள். பையிலிருந்த துண்டை விரித்து விளக்கைப் போட்டதும் “ஆத்தாடி!” என்று சத்தம் கேட்டது. உடனே இன்னொரு சத்தம். கருப்பையா அண்ணனின் வெள்ளை வேட்டியும் சேர்ந்து மினுங்கியது.

“அப்ப எம் வேட்டியும் கெணத்தைக் கெடுத்துச்சா?”

“அது நீலமா மினுங்குது பாருங்க. துவைக்கிற சோப்புத்தூள். எந்த வெள்ளைத் துணியும் அப்படி மினுங்கும். துண்டுல இருக்கறது பச்சை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க” என்றார் மேடம். ஊர்க்காரர்கள் தங்கள் துணியை எல்லாம் கொண்டுவந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் நீலம். ஒன்றுகூடப் பச்சை இல்லை. அரை மணி நேரத்தில் அந்த வீடு திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

ராக்காயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “துண்டுல பச்சை இருக்கு, சரி. கெணத்துல இல்லைன்னு எப்பிடி நம்புறது?” என்று கேட்டார். சரியான கேள்வி.

“நீங்களே எடுங்க அக்கா. எங்க யார் கையும் படாது” என்று பாட்டிலை அவர் பக்கம் தள்ளினார் மேடம். மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும் என்று நான் தள்ளி நின்று சொன்னேன். அவர் நாலு முறை அலசினார். மூடியைத் திருகி, கறுப்புத் தாளைச் சுற்றி, அதன் மேல் ஒரு சணல் கயிற்றைக் கட்டித் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டார். அந்த ஊர் வாத்தியார் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு மதுரைக்கு வந்தார். முடிச்சை அவர்தான் அறுத்தார். விளக்கின் கீழே அந்தத் தண்ணீர் ஒளிராமல், வெறும் தண்ணீராகக் கறுப்பாக இருந்தது. இப்படி மூன்று முறை எடுத்தோம். மூன்றிலும் சாயம் இல்லை. பலகையை எடுத்துவிட உத்தரவு வந்தது.

ஆனால் தண்ணீர் கரித்தது. அதுதான் இப்போது மிச்சமிருந்த கேள்வி. என் துண்டும் நிறுவனத்தின் நிலையமும் அதற்குக் காரணம் இல்லை என்றால் வேறு எது? கிணற்றடியில் நின்று நான் நாலாபக்கமும் பார்த்தேன். கிணற்றின் விளிம்பில் ஆயில் எஞ்சின் ஒன்று புத்தம் புதிதாக நின்றது. கருப்பையா அண்ணன் சித்திரையில் வாங்கியது. அதற்கு முன்னால் அந்தக் கிணற்றில் வாளி மட்டும்தான் இறங்கியிருக்கிறது. தனுஷ்கோடியில் நான் தோண்டிய அந்த ஒரு முழம் எனக்கு ஞாபகம் வந்தது. மெல்லக் கோரினால் மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் வரும். எஞ்சின் போட்டு இழுத்தால் கீழே கிடக்கும் உப்பு ஏறிவிடும்.

மேடத்திடம் சொன்னேன். அவர் எஞ்சின் ஓடும்போது ஒரு முறையும் ஓடாதபோது ஒரு முறையும் உப்பின் அளவை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கருப்பையா அண்ணனிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன்.

“ஆசை ஆசையா வாங்கிவச்ச எஞ்சினு தம்பி” என்றார் அவர். எஞ்சினைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாதம் எஞ்சினை ஓட்டாமல் வாளியால் மட்டும் கோரிப் பார்க்கச் சொன்னேன். நாற்றுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். பாதி நாற்றுப் பிழைத்தது.

சாயம் உண்மையில் எங்கே போனது என்று கேட்பீர்கள். நிலையம் திரும்ப ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, போக வேண்டிய இடத்துக்கு, அந்த வெந்நீர்த் துளைக்கே மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. அந்த வளைவைத் தாளில் வரைந்தபோது மேடம் முதல்முறையாகப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எந்த ஊர்க் கிணற்றிலும் அது தலைகாட்டவில்லை. நிலையம்தான் நீடிக்கவில்லை. சில வருடங்களில் உப்புக்குக் குழாய்கள் அரித்துப்போய் மூடிவிட்டார்கள். அதற்கு வருத்தம் உண்டு. அதற்குப் பிறகும் நான் எத்தனையோ கிணற்றில் சாயம் தேடினேன். 2009இல் ஓய்வு பெறும்வரை ஒரு நாளும் சலித்துக்கொண்டு வேலைக்குப் போனதில்லை.

ஆனால் என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது என்று நான் நினைக்கிற நாள் ஒன்று உண்டு. அது அந்த வருடம் ஐப்பசியில், இரண்டு மழை பெய்த பிறகு. சாம்பிளுக்காகப் போயிருந்தேன். கிணற்றடியில் பத்துப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கருப்பையா அண்ணன் எஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ராக்காயி அக்கா வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தார்.

“இங்கன வா தம்பி. கையை ஏந்து.”

ஏந்தினேன். ஊற்றினார். குடித்தேன். பத்துப் பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லு. எப்பிடி இருக்கு?”

நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு சொல்லையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. தண்ணீர் முன்பைவிட எவ்வளவோ தேவலைதான். ஆனால் நாக்கின் அடியில் இன்னும் கொஞ்சம் உப்பு நின்றது.

“நல்லா மாறியிருக்கு அக்கா. ஆனா இன்னும் லேசாக் கரிக்குது” என்றேன்.

அவர் சட்டென்று கருப்பையா அண்ணன் பக்கம் திரும்பினார். “கேட்டீகளா? நல்லாருக்கு, நல்லாருக்குன்னு காலையிலேர்ந்து எஞ்சினைச் சுத்திச் சுத்தி வந்தீகளே. இன்னும் கரிக்குதுன்னு அவரே சொல்லிட்டாரு. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இன்னொரு மழை போகட்டும்.”

கருப்பையா அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு போய், கிடந்த சாக்கை எடுத்து உதறி, எஞ்சினை மூடினார்.